சத்தம் வரவில்லையா? ஸ்பீக்கரைக் கழற்றுவதற்கு முன்னால்...

போன மாதம் திருப்பரங்குன்றத்திலிருந்து ஓர் அம்மா, மகளின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மதுரை சிம்மக்கல்லில் இருக்கும் என் கடைக்கு வந்தார். சத்தமே வரவில்லை. வேறோர் இடத்தில் காட்டியதற்கு, ஸ்பீக்கர் போய்விட்டது, 1,800 ரூபாய் ஆகும் என்று சொன்னார்களாம்.

நான் ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. கீழே மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் சின்னத்தில் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு மென்பொருளின் சத்தத்தையும் தனித்தனியாகக் காட்டும் வால்யூம் மிக்சரைத் திறந்தேன். மெயின் வால்யூம் 100. பக்கத்தில் பிரவுசருக்கு உரிய கம்பி (சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இழுக்கும் ஸ்லைடர்) மட்டும் அடிமட்டத்தில் 0. அந்தப் பெண்ணுக்குப் பாடம், பாட்டு, படம் எல்லாமே பிரவுசரில்தான். அதனால் மொத்த மெஷினும் ஊமையாகிவிட்ட மாதிரி தெரிந்திருக்கிறது. கம்பியை மேலே இழுத்ததும் பாட்டு கேட்டது. "அவ்வளவுதானா தம்பி?" என்றார். அவ்வளவுதான்.

மாடித் தொட்டிக்கு ஒரு வால்வு இருக்கிறது. குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனிக் குழாய் இருக்கிறது. தொட்டி நிறைந்திருந்தாலும் குழாயை மூடினால் தண்ணீர் வராது. விண்டோஸில் இப்படி ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனிக் குழாய் வந்தது 2007இல், விஸ்டாவோடு. இத்தனை வருடம் ஆகியும் அந்தச் சின்னத்தைச் சத்தம் கூட்டக் குறைக்க மட்டுமே தொடுகிறவர்கள்தான் அதிகம்.

கடையில் நான் வைத்திருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம்; அதன் திரைத்தோற்றம் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். பேனல் எனும் ஓரப் பட்டையில் இருக்கும் ஒலிச் சின்னத்தின் மேல் மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே சத்தம் கூடும், குறையும். அதோடு பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல் என்ற சின்ன மென்பொருளையும் போட்டுவைத்திருக்கிறேன். அதில் ஐந்து பக்கங்கள்: ஓடுகிற மென்பொருள்கள், பதிவு செய்கிறவை, வெளியே போகும் கருவிகள், உள்ளே வரும் கருவிகள், அமைப்பு. முதல் நான்கு பக்கங்களில் ஒவ்வொன்றின் கீழும் சத்தத்துக்கு ஏற்றபடி ஒரு பட்டை துள்ளும்.

அந்தத் துள்ளலில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. பாட்டு ஓடும்போது மென்பொருளின் பட்டையே அசையவில்லையா, கோளாறு அந்த மென்பொருளில். அது துள்ளுகிறது, ஆனால் ஸ்பீக்கர் பட்டை சும்மா கிடக்கிறதா, சத்தம் வேறெங்கோ போகிறது. பெரும்பாலும் எச்டிஎம்ஐ வயர் வழியாக மானிட்டருக்கோ, பைக்குள் கிடக்கும் ப்ளூடூத் இயர்பட்ஸுக்கோ போயிருக்கும். இரண்டும் துள்ளியும் காதில் ஒன்றும் விழவில்லை என்றால்தான் வயர், ஸ்பீக்கர் என்று போக வேண்டும். இந்த மூன்றையும் பார்க்காமல் பில் போடுகிறவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோலில் கம்பி 153 சதவீதம் வரை ஏறும், அதாவது 11 டெசிபல் கூடுதல். 100க்கு மேல் போனால் புதிதாக ஒலி எதுவும் பிறப்பதில்லை. அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கருக்கு அதைத் தினமும் கொடுத்தால் அது உண்மையிலேயே போய்விடும், அப்புறம் 1,800 ரூபாய் நியாயமான பில்தான்!

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் கொண்டுவரும் புகார் வேறு. "மீட்டிங் ஆரம்பிச்சா ஹெட்போன் தகர டப்பா மாதிரி கேட்குது சார்." ஹெட்போன் பழுதில்லை. சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் மைக்கையும் சேர்த்து இயக்கினால், அது நல்ல ஸ்டீரியோவை விட்டுவிட்டுத் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். மைக்காக லேப்டாப்பில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். விண்டோஸில் அழைப்பு வந்ததும் பாட்டு தானாகப் பதுங்குவதும் பழுதல்ல. மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும்படி தொடக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். சவுண்ட் அமைப்பில் கம்யூனிகேஷன்ஸ் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

மீட்டிங் முடிந்த பிறகு, லினக்ஸில் பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோலின் பதிவுப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மூட மறந்த பிரவுசர் டேப் ஒன்று இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் அங்கே தெரியும். விண்டோஸ் 10, 11இல் டாஸ்க்பாரில் மைக் சின்னம் நின்றால் அதே அர்த்தம்தான்.

மேலூர்ப் பக்கம் ரேடியோ செட் போடும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். இப்போதெல்லாம் பாட்டு லேப்டாப்பிலிருந்துதான். ஓர் அம்மன் கோயில் திருவிழாவில், முளைப்பாரி கிளம்புகிற நேரம் பார்த்து, பேட்டரி குறைகிறது என்ற 'டொய்ங்' இரண்டு குழாய் ஸ்பீக்கரிலும் ஊருக்கே கேட்டிருக்கிறது. அடுத்து ஏதோ விளம்பர அறிவிப்பின் 'டிங்'. குலவை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மேடையைத் திரும்பிப் பார்த்தார்களாம். "மானம் போச்சுண்ணே" என்று வந்து நின்றார். மிக்சரைத் திறந்து சிஸ்டம் சவுண்ட்ஸை மியூட் செய்யக் காட்டிக்கொடுத்தேன். இப்போது ஆம்ப்ளிஃபயரில் வயரைச் செருகுவதற்கு முன்னால் அதைத்தான் முதலில் செய்கிறார். சார்ஜரையும் மறக்காமல் மாட்டிவிடுகிறார்.