லண்டனில் வீடு பறிபோகும் நிலை வந்தால் எந்தக் கவுன்சிலுக்குப் போவது?

இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு அக்கா. மூன்று வருடம் இருந்த வாடகை வீடு போய், வேறு பரோவில் (தனிக் கவுன்சில் உள்ள லண்டன் பகுதி) இருக்கும் அண்ணன் வீட்டு ஹோலில் இரண்டு மாதமாகப் படுத்திருந்தார். பழைய இடத்துக் கவுன்சில், "நீங்கள் இப்போது இங்கே இல்லையே" என்றது. அண்ணன் இருக்கும் இடத்துக் கவுன்சில், "எங்களோடு உங்களுக்குத் தொடர்பு இல்லை, பழைய இடத்துக்கே போங்கள்" என்றது. இரண்டுமே தவறு. ஆனால் அவரிடம் அதைச் சொல்ல யாரும் இல்லை.

பின்னணி இவ்வளவுதான். 1965 முதல் லண்டன் 32 பரோக்களாகவும் சிட்டி ஒஃப் லண்டன் என்ற சிறு பகுதியாகவும் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்தல், தனி வரவுசெலவு. பஸ், ட்யூப் போன்றவைதான் மேயர் பொறுப்பில். வீடு, கவுன்சில் டாக்ஸ், சமூகப் பராமரிப்பு எல்லாம் கவுன்சில் கையில்.

அதனால் முதலில் உங்கள் பரோ எது என்று உறுதிசெய்யுங்கள். போஸ்ட்கோடை நம்பாதீர்கள். கென்டன் ரோட்டின் ஒரு பக்கம் ஹாரோ, மறுபக்கம் பிரென்ட். மேனர் பார்க் பக்கத்து ஈ12 என்ற ஒரே போஸ்ட்கோட் நியூஹாமிலும் ரெட்பிரிட்ஜிலும் கிடக்கிறது. கவுன்சில் டாக்ஸ் பில்லில் எந்தக் கவுன்சிலின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் கவுன்சில்.

அடுத்து, காத்திருக்காதீர்கள். 56 நாளுக்குள் வீடு இழக்கும் நிலை இருந்தாலே கவுன்சில் உதவத் தொடங்க வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து இதுதான் சட்டம். "பெய்லிஃப் (நீதிமன்ற உத்தரவோடு வீட்டைக் காலிசெய்ய வைப்பவர்) வரட்டும், பிறகு வாருங்கள்" என்று இன்றும் சொல்லி அனுப்புகிறார்கள். அரசின் வழிகாட்டலே அப்படி இழுத்தடிக்கக் கூடாது என்கிறது. அதற்காக நீங்களாகச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறிவிடாதீர்கள். "வேண்டுமென்றே வீட்டை இழந்தவர்" என்று முத்திரை குத்திவிட்டால் நிரந்தர வீட்டுக்கான வழி ஏறக்குறைய அடைபடும். வெளியேறுவதற்கு முன் ஆலோசனை கேளுங்கள்.

இனி, ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம்: "உள்ளூர்த் தொடர்பு". இதில் இரண்டு விதிகள் உண்டு, கவுன்டரில் அவற்றைக் கலந்துவிடுகிறார்கள். கவுன்சில் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் சேர, ஒவ்வொரு பரோவும் தன் இஷ்டப்படி ஆண்டுக்கணக்கு வைத்திருக்கிறது. வீடற்றோர் விண்ணப்பத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கடந்த 12 மாதத்தில் 6 மாதமோ, 5 ஆண்டில் 3 ஆண்டோ அங்கே வாழ்ந்திருந்தால் வழக்கமாகத் தொடர்பு உண்டு. அங்கே வேலை இருந்தாலும் உண்டு. பெற்றோர், சகோதரர் போன்ற நெருங்கிய உறவினர் ஐந்து ஆண்டாக அங்கே வசித்தாலும் வாதிடலாம். அக்காவின் அண்ணன் ஏழு வருடமாக அதே வீட்டில் இருந்தார். அதை ஒருவரும் கேட்கவே இல்லை.

தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், விண்ணப்பத்தை வாங்காமல் திருப்பி அனுப்ப முடியாது. முதலில் பதிய வேண்டும், விசாரிக்க வேண்டும். வேறு பரோவுக்கு மாற்றுவது அதற்குப் பிறகு. சிறு பிள்ளைகள் இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ, முடிவு வரும்வரை தங்க இடமும் தர வேண்டும். வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்தவரை ஆபத்துள்ள பரோவுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. "அண்ணன் வீட்டில் படுக்க இடம் இருக்கிறதே" என்பதும் பதில் அல்ல. சோபாவில் ஒதுங்கியிருப்பவரும் சட்டத்தின்படி வீடற்றவராக இருக்கலாம்.

விசாவில் பொது நிதி பெற முடியாது என்ற நிபந்தனை இருந்தால் இந்த வழி மூடியிருக்கும். அப்போதும் பிள்ளைகள் இருந்தால் அதே கவுன்சிலின் சிறுவர் பிரிவைக் கேளுங்கள்.

ஃபோனில் சொல்லும் "இல்லை" முடிவு ஆகாது. முடிவைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். கடிதம் வந்த 21 நாளுக்குள் மீளாய்வு கேட்கலாம். தவறவிட்டால் திரும்பப் பெறுவது கடினம். தூரத்து ஊரில் வீடு தந்தால் கோபத்தில் மறுத்துவிடாதீர்கள், கவுன்சில் தன் கடமை முடிந்தது என்று கைகழுவிவிடலாம். முதலில் இலவச ஆலோசனை தரும் தொண்டு நிறுவனங்களான ஷெல்டரையோ சிட்டிசன்ஸ் அட்வைஸையோ கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளையை வைத்து மொழிபெயர்க்க விடாதீர்கள்.

அக்கா மூன்றாம் முறை அண்ணன் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அண்ணனின் கவுன்சில் டாக்ஸ் பில்களையும், "மறுப்பதானால் எழுத்தில் தாருங்கள்" என்ற நான்கு வரிக் கடிதத்தையும் கொடுத்தோம். அன்றே விண்ணப்பத்தைப் பதிந்தார்கள்.