முறுக்கு அச்சும் துப்பாக்கிக் குழலும்

மேலூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. "இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கில இருந்துதான் வந்துச்சுன்னு கோர்ட்ல கூண்டேறி சொல்றாங்களே, குண்டுல என்ன பேரா எழுதியிருக்கு?" பேரு எழுதல அண்ணே, ஆனா கீறல் இருக்கு.

தோட்டான்னா குண்டும் வெடிமருந்தும் அடைச்ச கூடு, அது வெடிக்கிற கதை தெரிஞ்சதுதான். ட்ரிக்கரை இழுத்தா ஃபயரிங் பின் தோட்டாவோட அடியில இருக்க கேப்பைக் குத்தும், பொறி பறக்கும், மருந்து எரிஞ்சு வாயுவா மாறி குண்டை முன்னாடி தள்ளும், அம்புட்டுத்தான்.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச இடம். பிஸ்டல், ரைஃபிள் குழலுக்குள்ள வழவழன்னு இருக்காது, அஞ்சோ ஆறோ வரிப்பள்ளம் சுருள் சுருளா ஓடும். குண்டு அந்தக் குழலைவிட ஒரு முடி அளவு பெருசு, அதனால நெரிபட்டு சுத்திக்கிட்டேதான் வெளிய வரணும். சாதாரண 9 எம்எம் பிஸ்டல்ல 10 இன்ச்சுக்கு ஒரு சுத்துன்னு வைங்க, குண்டு செகண்டுக்கு 350 மீட்டர் போகுது, கணக்குப் போட்டா செகண்டுக்கு கிட்டத்தட்ட 1,400 சுத்து! பம்பரம் சுத்துற வரைக்கும் சாயாம நிக்கிற மாதிரி இந்தச் சுத்துதான் குண்டை நேரா கொண்டு போகுது.

இப்ப தீபாவளிக்கு முள்ளு முறுக்கு பிழியிறதை நினைச்சுப் பாருங்க. நட்சத்திர அச்சுல ஒரு பல்லு லேசா உடைஞ்சிருந்தா, பிழியிற ஒவ்வொரு முறுக்குலயும் அந்த இடத்துல மட்டும் ஒரு கோடு நீளத்துக்கும் வரும், எங்கம்மா முறுக்கைப் பாத்தே இது யார் வீட்டு உரல்னு சொல்லிரும். குழலும் அப்படித்தான். பள்ளம் வெட்டுன கருவி விட்டுட்டுப் போன கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம், அப்புறம் துரு, தேய்மானம், எல்லாம் சேந்து குண்டு மேல கீறலா பதியும். காலித் தோட்டாவும் சும்மா இருக்காது, அதுல ஃபயரிங் பின் குத்துன தழும்பு இருக்கும்.

லேப்ல என்ன பண்றாங்கன்னா, பிடிபட்ட துப்பாக்கியால தண்ணித் தொட்டிலயோ பஞ்சுப் பெட்டிலயோ சுட்டு ஒரு குண்டு எடுப்பாங்க. இதையும் பாடில இருந்து எடுத்த குண்டையும் கம்பேரிசன் மைக்ரோஸ்கோப்ல வைப்பாங்க. ரெண்டு மைக்ரோஸ்கோப்பு, ஆனா பாக்குற இடம் ஒண்ணு, நடுவுல ஒரு கோடு, இடப்பக்கம் ஒரு குண்டு வலப்பக்கம் ஒரு குண்டு. மெதுவா உருட்டிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல இந்தப் பக்கக் கீறல் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கக் கீறலோட அப்படியே ஒட்டிக்கும், கிழிஞ்ச ரூபா நோட்டு சேர்ற மாதிரி. 1929 காதலர் தினத்தன்னைக்கு சிகாகோவுல 7 பேரைச் சுட்ட கேஸ்ல துப்பாக்கி நிபுணர் கால்வின் கோடார்ட் இப்படிப் பாத்துதான் முதல்ல போலீஸ் துப்பாக்கிகள் இல்லன்னு சொன்னாரு, அப்புறம் அந்த வருசக் கடைசில சிக்குன ரெண்டு தாம்சன் துப்பாக்கிதான்னு சொன்னாரு.

சரி, இது கைரேகை மாதிரி அசைக்க முடியாததா? இங்கதான் குறுக்கு விசாரணை பண்ற வக்கீல் முழிச்சுக்கணும். எல்லா முறுக்கும் நட்சத்திரமா இருக்குன்னா அது ஒரே வகை அச்சு, அவ்வளவுதான். உடைஞ்ச பல்லுதான் தனி அடையாளம். ஆனா மதுரை புதுமண்டபம் பக்கத்துல வாங்குன அச்சு எல்லாமே ஒரே பழுதான வார்ப்புல ஊத்துனதா இருந்தா? பத்து வீட்டு முறுக்குலயும் ஒரே கோடு! ஒரே கருவில அடுத்தடுத்து வெட்டுன குழல்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. போதாததுக்கு போஸ்ட்மார்ட்டத்துல இரும்பு இடுக்கியால குண்டைப் பிடிச்சா புதுசா ஒரு கீறல் விழுந்துரும்.

எவ்வளவு ஒத்துப்போனா போதும்னு எண்ணிக்கையில எல்லாரும் ஏத்துக்கிட்ட ஒரு வரையறை கிடையாது, கடைசில அது நிபுணரோட கண்ணும் அனுபவமும்தான். அதான் சட்டமும் இதை 'கருத்து'ன்னுதான் சொல்லுது, பழைய சாட்சியச் சட்டத்துல பிரிவு 45, 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல 39. 2016ல அமெரிக்க அதிபரோட அறிவியல் ஆலோசனைக் குழு தேடிப் பாத்தப்போ, நிபுணர்கள் எத்தனை தடவை தப்புறாங்கன்னு ஒழுங்கா சோதிச்ச ஆய்வு ஒண்ணே ஒண்ணுதான் தேறுச்சு. நம்ம ஊரு துப்பாக்கிகளை வச்சு நம்ம லேப்புகள்ல இப்படிச் சோதிக்க காசு ஒதுக்கணும்ங்கிறது என் கட்சி. பாண்டி கோயில்ல சத்தியம் பண்ணச் சொன்னா உண்மை வந்துரும்னு எங்க பெரியப்பா சொல்வாரு, லேப் ரிப்போர்ட்டையும் சில பேரு அதே மாதிரி சாமி வாக்காத்தான் கும்பிடுறாங்க.

மேலூர் அண்ணன் இன்னொண்ணும் கேட்டிருந்தாரு, மலையடிவாரத்துல காட்டுப்பன்னிக்கு வச்சிருக்க நாட்டுத் துப்பாக்கில என்ன பண்ணுவாங்கன்னு. அதுல வரிப்பள்ளம் கிடையாது, பால்ரஸ் குண்டுல ஒப்பிடுற மாதிரி கீறல் விழாது. தோட்டா போடுற நாட்டுக் கைத்துப்பாக்கின்னா பின் தழும்பாவது மிச்சம், உத்தரப் பிரதேச கேஸ் ஒண்ணுல சுப்ரீம் கோர்ட்டே காலித் தோட்டா அடையாளத்தை நம்பித்தான் தண்டனையை உறுதி பண்ணுச்சு. குழலோட வாய் வழியா வெடிமருந்து கெட்டிக்கிற ரகம்னா தோட்டாவே இல்ல. ஆனா மருந்தும் குண்டும் கொட்டிப்போகாம இருக்க துணியோ நாரோ பேப்பரோ திணிப்பாங்கல்ல, அது குண்டோட சேந்து வெளிய வரும். 1784ல இங்கிலாந்து லங்காஸ்டர்ல விசாரிச்ச கேஸ் ஒண்ணுல, செத்தவர் காயத்துக்குள்ள கிடைச்சது அப்படி ஒரு கிழிஞ்ச பாட்டுத்தாள் துண்டு, மீதித்தாள் சுட்டவனோட பாக்கெட்டுக்குள்ளயே இருந்துச்சு.