உங்கள் எஸ்எம்எஸ்ஸை வழியில் யார் பார்க்கலாம்?

"நாளைக்கு வருகிறேன்" என்று ஒரு எஸ்எம்எஸ் தட்டுகிறீர்கள். நம் கணக்கில் 9 எழுத்து. போனின் கணக்கில் நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்து 18, ஏனென்றால் கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான் அடங்கும். ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் இந்தக் கணக்குப்படி வெறும் 70. அழைப்புகளை இணைக்க நெட்வொர்க் தனக்குள் பேசிக்கொள்ளும் சிக்னல் வழியில் கிடைத்த சந்தில் இதைச் செருகினார்கள், அதனால்தான் இந்தக் கஞ்சத்தனம்.

சரி, அனுப்பியாயிற்று. போனிலிருந்து டவர் வரைக்கும் செய்தி பொதுவாக என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் போகும். நெட்வொர்க்குக்குள் நுழைந்ததும் அந்தப் பூட்டு கழன்றுவிடும். அப்புறம் மொபைல் நிறுவனத்தின் எஸ்எம்எஸ் மையத்தில் அது வெறும் எழுத்தாக உட்கார்ந்திருக்கும். எதிர்முனைக்காரர் போனை அணைத்து வைத்திருந்தால் அங்கேயே காத்திருக்கும். தரநிலைப்படி 63 வாரம் வரைகூட வைத்திருக்கலாம், நடைமுறையில் சில நாளில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வாட்ஸ்அப், சிக்னல் போன்ற ஆப்களில் சாவி இரண்டு முனையிலும் மட்டும்தான் இருக்கும். எஸ்எம்எஸ்ஸில் அந்த ஏற்பாடே கிடையாது. ஊழியர்கள் அதைப் பிரித்துப் படிக்காமல் இருப்பதற்குக் காரணம் சட்டமும் நிறுவனத்தின் உள்விதிகளும்தான்.

என்னைக் கேட்டால், செய்தியைவிடப் பெரிய ஆபத்து அதோடு சேரும் குறிப்பு. யார் யாருக்கு, எப்போது, எந்த டவரிலிருந்து என்பதெல்லாம் பில் போடுவதற்காகப் பதிவாகிறது. இரவு 2 மணிக்கு ஒரு மருத்துவமனை எண், விடிந்ததும் சொந்தக்காரர்கள் எண்கள் வரிசையாக, மதியம் ஒரு வக்கீல் எண்: ஒரு வரிகூடப் படிக்காமல் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடலாம். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 நெறிமுறை, வேலை முடிந்ததும் இந்தக் குறிப்புகளை அழிக்க வேண்டும், இல்லையென்றால் யாருடையது என்று தெரியாதபடி மாற்ற வேண்டும் என்கிறது. பில்லுக்குத் தேவையானவற்றுக்கு மட்டும் கொஞ்ச காலம் விலக்கு.

வேறு நிறுவனத்தின் எண்ணுக்குச் செய்தி போக வேண்டுமென்றால் "இந்த எண் இப்போது எங்கே இருக்கிறது?" என்று அந்த நெட்வொர்க்கைக் கேட்க வேண்டும். நெட்வொர்க்குகள் இப்படிப் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய ஏற்பாட்டில், அந்த நெட்வொர்க் கேட்பவர் நல்லவர்தான் என்று நம்பிப் பதில் சொல்லிவிடும். இந்த ஓட்டையை வைத்தே ஒருவர் இருக்கும் இடத்தைப் பின்தொடரலாம் என்பதை 2014 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் காட்டினார்கள்.

அனுப்புநர் பெயர் இன்னும் மோசம். எண்ணுக்குப் பதிலாக 11 எழுத்து வரை எந்தப் பெயரையும் போடலாம். போன் பெயரை மட்டும் பார்த்து அடுக்குவதால், வங்கியின் பெயரைப் போட்டு வரும் போலிச் செய்தி, நேற்று வந்த உண்மையான ஓடிபிக்குக் கீழேயே போய் உட்காரும். சிங்கப்பூரில் 2023 முதல் அனுப்புநர் பெயரைப் பதிவு செய்வது கட்டாயம். பெயரைச் சரிபார்க்கப் பட்டியல் ஒன்று போதும், ஆனால் உள்ளே இருக்கும் மோசடி லிங்க்கை வடிகட்ட வேண்டுமானால் நெட்வொர்க்கின் இயந்திரம் செய்திக்குள் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பூட்டு இல்லாததால் அதற்குச் சிரமமும் இல்லை.