பாட்டிங்: வார்ப்பா, பதிப்பா?

ஓசூர் சிப்காட்டில் எலக்ட்ரானிக்ஸ் லைனில் நின்றவர்களுக்கு ‘பாட்டிங் முடிஞ்சுதா?’ என்பது அன்றாடப் பேச்சு. சென்சார், இக்னிஷன் காயில், எல்.இ.டி. டிரைவர் எதுவானாலும் ஒரு கூட்டுக்குள் வைத்து, எபாக்சி என்ற பிசினை ஊற்றி, இறுக விட்டுவிடுவார்கள். அதுதான் பாட்டிங். ஈரமும் தூசியும் அண்டாது, அதிர்வில் ஈயப்பற்று விடாது. கூடு பொருளோடே தங்கினால்தான் பாட்டிங். அச்சில் ஊற்றி, பிறகு அச்சைக் கழற்றி எடுத்துவிட்டால் அது வேறு. இந்த பாட்டிங்குக்குத் தமிழில் என்ன சொல்வது?

ஆங்கிலத்தில் ‘பாட்’ என்றால் பானை, சாடி. செடியைத் தொட்டியில் நடுவதும் பாட்டிங்தான். இறைச்சியைச் சாடியில் அடைத்து, கெடாமலிருக்க மேலே உருக்கிய வெண்ணெய் ஊற்றி மூடும் பழைய வழக்கத்துக்கும் அதே சொல். நம் வேலைக்கு நெருக்கம் இந்த இரண்டாவதுதான். ‘எபாக்சி’யில் உள்ள ‘எபி’ கிரேக்கச் சொல், ‘மேலே’ என்று பொருள். ‘ஆக்சி’ ஆக்சிஜனைக் குறிக்கும். அடுத்தடுத்த இரண்டு கார்பன் அணுக்களுக்குப் பாலம்போல் ஓர் ஆக்சிஜன் அமர்ந்திருப்பதால் வந்த பெயர். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ‘ரெசின்’ மட்டும் நமக்குப் பிசின்.

பாட்டிங்கை ‘சட்டியிடல்’ என்று மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். சமையல் நினைவுதான் வருகிறது. ‘வார்ப்பு’ நல்ல சொல். தோசையும் வார்க்கிறோம், இரும்பும் வார்க்கிறோம். கடத்தூர்ப் பக்கம் கரும்பு ஆலைக்கொட்டாயில் பாகை அச்சில் வார்த்தால் அச்சுவெல்லம். ஆனால் அச்சுவெல்லத்துக்குள் வேறு பொருள் எதுவும் இல்லை. பாட்டிங்கில் உள்ளே ஒன்று இருக்கிறது, அது வைத்த இடத்திலேயே இருந்தாக வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தது 12 மி.மீ. பிராக்சிமிட்டி சென்சார், உலோகம் அருகே வந்தால் தொடாமலே உணர்வது. முகத்தைக் கீழாக வைத்து, பின்பக்கமிருந்து பிசின் ஊற்றினோம். உள்ளே இருக்கும் காயிலுக்கும் முகப்பு மூடிக்கும் நடுவே பிசின் புகுந்து, காயிலை அரை மி.மீ. தூக்கிவிட்டது. இரண்டு மி.மீ. தள்ளி உலோகத்தை உணர வேண்டியது ஒன்றரையில்தான் விழித்தது. இறுகிய எபாக்சியைக் கரைத்து எடுப்பது ஆகிற காரியமில்லை. தட்டு முழுக்கக் கழிவு.

ஆகவே எனக்குப் பிடித்த வேர் ‘பதி’. பழைய கல்நகையில் உள்ளே அரக்கை நிரப்பி, அதன்மேல் கல்லைப் பதிப்பார்கள். அரக்கும் ஒரு பிசின்தான். பதித்தல் என்றால் வெறுமனே உள்ளே போடுவது அல்ல, இடம் பார்த்து அமர்த்துவது. ‘பதிப்பு’ என்று நிறுத்தினால் புத்தகக்காரர்கள் சொந்தம் கொண்டாடுவார்கள். இரண்டு வினையையும் சேர்த்துப் ‘பதிவார்ப்பு’ என்று நான் எழுதுகிறேன். பாகத்தை அசையாமல் பிடிக்கும் ஜிக்கை ‘இருத்தி’ எனலாம்.

பாகம் ஏன் நகர்கிறது? பிசினை விட அடர்த்தி குறைந்தது மிதக்கும். இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த பிசின் தானே சூடேறும். கெட்டியாகும் முன் அந்தச் சூட்டில் நீர்த்து ஓடும், மெல்லிய கம்பியில் தொங்கும், வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டரைத் தள்ளிக்கொண்டு போகும். இறுகும்போது சுருங்கி இழுக்கவும் செய்யும். கூட்டுக்குள்ளேயே வரப்பு வைத்துப் பாகத்தை அதில் அமர்த்துவது ஒரு வழி. அதே எபாக்சியில் முன்பே வார்த்த சிறு துண்டுகளை முட்டுக் கொடுப்பது இன்னொன்று. வெப்பத்தில் இரண்டும் ஒன்றுபோல் விரிவதால் விரிசல் விழாது.

எனக்கு நம்பிக்கையானது இரண்டு வார்ப்பு. முதலில் காயில் பாதி முழுகுமளவு வார்த்து, இருத்தியால் அழுத்திப் பிடித்து, பாதி இறுகி ‘ஜெல்’ ஆனதும் மீதியை வார்ப்பது. அந்த ஜெல் நிலைக்கும் சொல் தேடிக்கொண்டிருந்தேன். ஆலைக்கொட்டாய் வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் லைனில் இருந்தான். குச்சியால் தொட்டான், ஒட்டியது, நூல் இழுக்கவில்லை.

“பதம் வந்துருச்சுண்ணே, ஊத்தலாம்” என்றான்.