குழாய்க்குள் ஒரு குளவி

கையில் இருக்கும் போனே ஜிபிஎஸ் வைத்து வேகம் சொல்கிறது, விமானத்துக்கு மட்டும் ஏன் இன்னும் மூக்கில் குழாய் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் ஜிபிஎஸ் சொல்வது தரையைப் பொறுத்த வேகம். இறக்கைக்குத் தரையைப் பற்றி ஒன்றும் தெரியாது, தன் மேல் காற்று எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. பின்னாலிருந்து 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளினால், ஜிபிஎஸ் 900 என்று காட்டும்போது இறக்கைக்குக் கிடைப்பது 700தான். அந்த 700ஐத்தான் அளந்தாக வேண்டும்.

அதற்கான கருவி விமானத்தைவிடப் பழையது. 1732இல் ஹென்றி பிடோ என்ற பிரெஞ்சுக்காரர், பாரிஸில் சேன் ஆற்றின் ஓட்டத்தை அளக்க, வளைந்த குழாய் ஒன்றை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தார். ஓட்டம் வேகமானால் குழாய்க்குள் நீர் மேலே ஏறும், அவ்வளவுதான். இன்றைய விமானத்தில் இருப்பதும் அதே பிடோ குழாய். முன்பக்கம் திறந்த வாய், அதில் மோதி நிற்கும் காற்றின் அழுத்தம் ஒன்று. விமானத்தின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகள் தருவது சுற்றியிருக்கும் காற்றின் சாதாரண அழுத்தம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வேகம் வந்துவிடும். பெர்னூலி சமன்பாடு, பள்ளியில் படித்ததுதான், அதை விட்டுவிடுவோம். தரைக்கு அருகே மணிக்கு 460 கிலோமீட்டரில் போனால் இந்த வித்தியாசம் சுமார் 100 மில்லிபார், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

சரி, குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? முள் பூஜ்யத்தில் நிற்கும் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். வாய் மட்டும் அடைத்து, தண்ணீர் வடிய வைத்திருக்கும் சிறு ஓட்டை திறந்திருந்தால் முள் கீழே விழும், அது உண்மை. இரண்டுமே அடைத்துக்கொண்டால்தான் விசேஷம். தரையில் இருந்தபோது நுழைந்த காற்று, சுமார் 1013 மில்லிபார் அழுத்தத்தோடு, உள்ளேயே சிறைப்பட்டுவிடுகிறது. விமானம் மேலே ஏற ஏற வெளி அழுத்தம் குறைகிறது, 7,000 அடியில் 780 மில்லிபார் போல. கருவிக்குக் கழிக்க மட்டும்தான் தெரியும். 1013இலிருந்து 780ஐக் கழிக்கிறது, 230 மில்லிபார் வித்தியாசம் என்கிறது, அதை வேகமாக மாற்றி மணிக்கு 650 கிலோமீட்டருக்கு மேல் என்று காட்டுகிறது. ஒரு துளிக் காற்றுகூடக் குழாய்க்குள் நுழையவில்லை! வேகமானி சத்தம் போடாமல் உயரமானியாக மாறிவிட்டது, முகப்பில் எழுதியிருப்பது மட்டும் இன்னும் வேகம் என்றே இருக்கிறது. செத்துப்போன கருவி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இது உயிரோடு அசைந்து, நம்பும்படியாகப் பொய் சொல்கிறது.

1996 பிப்ரவரி 6, டொமினிகன் குடியரசின் புவர்டோ பிளாட்டாவில் இருந்து பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 ஒன்று புறப்பட்டது. ஓடுபாதையில் ஓடும்போதே கேப்டனின் வேகமானி வேலை செய்யவில்லை, இருந்தும் புறப்பட்டார்கள். மேலே ஏறியதும் முள் நகர ஆரம்பித்தது, சரியாகிவிட்டது என்று தோன்றுவது இயல்புதானே. அப்புறம் வேகம் அதிகம், அதிகம் என்று அது காட்ட, அதையே நம்பியிருந்த ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்தது. உண்மையில் விமானம் மெதுவாகிக்கொண்டே போனது. வேகம் மிஞ்சிவிட்டது என்று ஒரு எச்சரிக்கை, வேகம் போதவில்லை என்று இன்னொன்று, இரண்டும் சேர்ந்து வந்தால் யாரை நம்புவது? விமானம் கடலில் விழுந்தது, 189 பேரும் இறந்தார்கள். விமானம் பல நாட்கள் குழாய்க்கு உறை போடாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, குளவி ஒன்று மண்கூடு கட்டியிருக்கலாம் என்பது ஊகம். குழாய் கடலிலிருந்து மீட்கப்படவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 2, பெருவின் லிமாவில் இதன் மறுபக்கம். விமானத்தைக் கழுவும்போது பக்கவாட்டுத் துளைகளில் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். ஏரோபெரு நிறுவனத்தின் 603 என்ற விமானம் இரவில் பசிபிக் கடலைத் தொட்டபோது, அந்தத் துளைகளின் அழுத்தத்தை வைத்தே உயரம் சொல்லும் உயரமானி 9,700 அடி என்று காட்டிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையிடம் உயரம் கேட்டார்கள், அங்கேயும் அதே பதில்தான். ரேடார் திரையில் தெரியும் உயரம் விமானமே அனுப்புவது, அதாவது அதே அடைபட்ட துளைகளின் கணக்கு. 70 பேர் இறந்தார்கள்.

2009இல் ஏர் பிரான்ஸ் 447க்கு அட்லாண்டிக் மேலே பனித்துகள்கள் குழாயை அடைத்தது ஒரு நிமிடம்கூட இல்லை. அங்கே முள் விழுந்தது, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. அதன்பின் மூக்கைத் தூக்கியது விமானியின் கை. 228 பேர்.

சில நிறுவனங்கள் விமானத்தில் 13ஆம் வரிசையே வைப்பதில்லை. பயணிகள் பயப்படுகிறார்களாம். எனக்கென்னவோ, பயப்பட வேண்டிய எண்ணைவிட, புறப்படும் முன் கழற்று என்று நினைவூட்ட குழாயின் உறையில் தொங்கும் சிவப்புப் பட்டையை யாராவது எண்ணினார்களா என்பதுதான் கவலை. குளவியை எண்ணுவதற்கு ஆராய்ச்சிப் பணமா என்று சிரிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் அதைத்தான் செய்தார்கள். முப்பரிமாண அச்சில் போலிக் குழாய்கள் செய்து நட்டு வைத்து 39 மாதம் காத்திருந்ததில், 93 முறை குளவிகள் முழுசாக அடைத்துவிட்டிருந்தன. 2013இல் அங்கே தரையில் இரண்டு மணி நேரம் நின்ற ஏர்பஸ் ஏ330 ஒன்றின் குழாயிலேயே கூடு வந்துவிட்டது. இதுமாதிரி வேலைக்குத்தான் நான் பணம் கொடுப்பேன்.

குளவிக்குப் பயந்து பிரிஸ்பேனில் நிற்கும் விமானங்களுக்கு உறை போடும் பழக்கமும் வந்தது. 2018 ஜூலையில் மலேசியா ஏர்லைன்ஸின் ஏ330 ஒன்று அங்கிருந்து இரவில் கிளம்பியது, மூன்று குழாய்களிலும் உறையைக் கழற்றாமலே. இந்த முறை விமானிகள் குழாயை நம்பவில்லை, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை வைத்து வேகத்தைக் கணிக்கும் மாற்று ஏற்பாட்டுக்கு மாறினார்கள், பத்திரமாகத் திரும்பி வந்து இறங்கினார்கள்.