தாத்தா போட்ட எருவும் நாம் போடும் யூரியாவும்

"எங்கப்பா காலத்துல இதே வயலுக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போட்டா பயிர் கருகருன்னு நிக்கும் சார். இப்ப மூணு மூட்டை போட்டும் அந்தத் தெளிவு வரமாட்டேங்குது." காவிரி டெல்டாவில் மண் பரிசோதனை வேலை பார்க்கும் நான், மண் கொண்டுவரும் விவசாயிகளிடம் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். அப்புறம் பேச்சு அப்படியே பழைய காலத்துக்குப் போய்விடும். வாய்க்காலில் ஓடிய கெண்டை, வரப்போரம் பிடித்த நண்டு, நிலா வெளிச்சத்தில் களத்துமேட்டில் போரடித்தது, தொழுவம் நிறைய நின்ற மாடுகள். சொல்லும்போது அவர்கள் முகமே மாறிவிடும்.

அந்த ஏக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மண்ணைப் பற்றிய சரியான கவனிப்பு ஒன்று அதற்குள் இருக்கிறது. ஆனால் போனது எது என்று தவறாகப் புரிந்துகொண்டால், அதை மீட்கும் வழியும் தவறிப்போகும்.

இன்று ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் இருப்பவர் 'அந்தக் காலம்' என்று சொல்வது பெரும்பாலும் 1970களின் கடைசியும் 1980களும்தான். அது ரசாயனம் நுழையாத காலம் இல்லை. 'பேக்கேஜ் திட்டம்' என்று பேசப்பட்ட தீவிர வேளாண் திட்டம் தஞ்சாவூர் மாவட்டத்தில் 1960களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆடுதுறை 27 நெல் அந்தப் பத்தாண்டின் நடுவில் டெல்டா முழுக்கப் பரவியது. பிலிப்பைன்சில் உருவான குட்டை ரகமான ஐ.ஆர்.8, 1966ல் வெளிவந்தது. பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடரைச் சாக்கில் கட்டி, மூக்கைக்கூட மூடாமல், வெறுங்காலோடு வயலில் இறங்கித் தட்டித் தட்டித் தூவியதும் அதே காலத்தில்தான். அந்த மருந்துக்கு நம் நாட்டில் தடை வந்தது 1997ல். ஆக, நம் நினைவில் இருக்கும் அந்த வயல் 'இயற்கை வயல்' என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தால், அது சரியில்லை.

அப்படியானால் ஒரு மூட்டை யூரியாவுக்கே பயிர் எப்படி அவ்வளவு செழித்தது?

மாடு இருந்தது. உழவுக்கு மாடு, வண்டிக்கு மாடு, பாலுக்கு மாடு. அறுவடை முடிந்ததும் வைக்கோல் போராக ஏறும். வருஷம் முழுக்க மாடு அதைத் தின்னும். சாணம், மூத்திரம் நனைந்த கூளம், அடுப்புச் சாம்பல் எல்லாம் குப்பைமேட்டில் சேரும். சித்திரை, வைகாசியில் குப்பை அடிப்பார்கள். வண்டி வண்டியாகக் கொண்டுபோய்ச் சின்னச் சின்னக் குவியலாகக் கொட்டி, முதல் உழவுக்கு முன் கூடையில் அள்ளி இறைப்பார்கள். வயலிலிருந்து போனதில் பெரும்பகுதி இப்படி வயலுக்கே திரும்பி வந்தது.

அது போக ஆட்டுக்கிடை. சம்பா அறுவடை முடிந்து வயல் காயும் மாதங்களில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தையோடு வருவார்கள். இன்றும் வருகிறார்கள், அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ராத்திரி ஒரு வயலில் பட்டி போட்டு ஆடுகளை அடைத்தால், புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கும். தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், நல்ல பங்கு மூத்திரத்தில்தான் இருக்கிறது. சுமந்து போடுகிற எருவில் இதுதான் பாதி வழியிலேயே வீணாகும், கிடையில் அவ்வளவு வீணாவதில்லை. வேம்பு, புங்கன், எருக்கு, ஆவாரைத் தழையை வெட்டிப் போட்டுச் சேற்றில் மிதித்தார்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மெழுகுப் பதம் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்தார்கள். அது பனியிலேயே விளைந்து, வேர் முடிச்சில் பிடித்த தழைச்சத்தில் கொஞ்சத்தை மண்ணிலும் விட்டுப் போனது.

இத்தனையும் பல தலைமுறையாகச் சேர்ந்த மண்ணில்தான் அப்பா யூரியாவைப் போட்டார். தாத்தா சேர்த்துவைத்த முதல் அப்படியே இருக்க, வட்டியை மட்டும் எடுத்துச் செலவழித்த மாதிரி. நாம் இப்போது முதலையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். கோயம்புத்தூரில் 1909ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் இன்றும் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பராமரிக்கிறது. ஒரே நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும், ஒன்றுக்குத் தொழுவுரம் என்று நூறு வருஷத்துக்கும் மேலாகப் போட்டுவருகிறார்கள். இந்த மாதிரி நீண்டகால வயல்கள் பலவற்றிலும் கிடைக்கும் சேதி ஒன்றுதான். தழைச்சத்தை மட்டும் வாங்கிய மண் பின்தங்குகிறது, உரமும் எருவும் சேர்ந்து வாங்கிய மண் நிலைத்து நிற்கிறது.

இளவட்ட விவசாயிகள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போடச் சொல்கிறோம். அதில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 25 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் கிட்டத்தட்ட 21 கிலோ இருக்கிறது, விலை 266 ரூபாய் 50 பைசா. ஒரு மூட்டை வேலைக்கு எதற்கு இத்தனை டிராக்டர் லோடு எரு? கணக்கு சரிதான். ஆனால் தண்ணீர் நிற்கும் நெல் வயலில் போட்ட யூரியாவில் பயிருக்குப் போய்ச் சேருவது பல சமயம் பாதிகூட இல்லை. மீதி ஆவியாகிறது, காற்றாகப் போகிறது, தண்ணீரோடு கீழே இறங்குகிறது. அந்தச் சத்தைப் பிடித்துவைப்பது மண்ணில் இருக்கும் மட்கு. மட்கு குறையக் குறைய அதே மூட்டைக்குப் பலன் குறையும். ஆளும் இன்னொரு மூட்டை போடுவார். தழைச்சத்து மிஞ்சிய பயிர் கருகருவென்றுதான் இருக்கும், அந்தக் கருமைக்குத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் தேடி வரும். அப்புறம் மருந்துக்கடையில் ஒரு பில்.

மண்ணில் மட்கு எவ்வளவு என்று காட்டும் அங்ககக் கரிமம், பரிசோதனையில் 0.5 சதவீதத்துக்குக் கீழ் வந்தால் 'குறைவு' என்று மண்வள அட்டையில் எழுதுகிறோம். பலர் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. தழை, மணி, சாம்பல் மூன்றையும் பார்த்துவிட்டு அட்டையை மடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கரிம வரிதான்.

வைக்கோலையும் சொல்லியாக வேண்டும். நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தங்குவது வைக்கோலில். இன்று இயந்திரம் அறுக்கிறது, பின்னாலேயே இன்னொரு இயந்திரம் வைக்கோலைச் சுருட்டிக் கட்டுகிறது, லாரி வெளியூருக்கு ஏற்றிப் போகிறது. கையில் காசு வருகிறது, தவறில்லை. ஆனால் கட்டோடு சேர்ந்து போகிற சாம்பல் சத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளைத்துவரும் உளுந்தையும் நசுக்கிவிடுவதால், தெளிப்பதையே விட்டவர்கள் நிறைய. மாடு போனது, உளுந்து போனது, வைக்கோலும் போகிறது. ரசாயன உரம் வந்ததைவிட இந்தச் சுற்று அறுந்ததுதான் பெரிய இழப்பு என்பது என் எண்ணம்.

பாரம்பரிய நெல் மேல் இப்போது பெரிய ஆசை இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம், கருப்புக் கவுனி எல்லாம் திரும்ப வயலுக்கு வந்ததில் நம்மாழ்வாருக்கும் நெல் ஜெயராமனுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் கவுனியை நட்டுவிட்டு, குட்டை ரகத்துக்குப் போடுகிற அளவு யூரியாவையும் போட்டால், உயரமான அந்தப் பயிர் கதிர் வாங்கியதும் சாய்ந்துவிடும். பழைய விதையை மட்டும் கொண்டுவந்தால் போதாது, அது வளர்ந்த மண்ணும் வேண்டும்.

திரும்பவே கூடாத சிலவும் அந்தக் காலத்தில் இருந்தன. 1950-51ல் இந்தியாவின் சராசரி அரிசி விளைச்சல் எக்டருக்கு 668 கிலோ. இன்று 2,800 கிலோ அளவில் இருக்கிறது. 1960களின் நடுவில் அமெரிக்கக் கப்பலில் வந்த கோதுமையை எதிர்பார்த்து இந்த நாடு காத்திருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் அவ்வளவு எடுபட்டதற்குப் பசிதான் காரணம். வயலில் இறங்கியவர்களின் நிலைமையை நினைத்தால் இன்னும் கனக்கிறது. பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

கிராமக் கூட்டம் ஒன்றில் பெரியவர்கள் பழைய காலத்தைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "தம்பி, அந்த எருவையெல்லாம் சுமந்தது நாங்கதான். என் தலை முடி கொட்டுனதே அந்தக் கூடையிலதான்" என்றார். கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அதனால், பழைய மாதிரி எரு போடுங்கள் என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை. தலையில் சுமக்காமல் மண்ணுக்கு மட்கு சேர்க்கும் வழிகளைத்தான் சொல்கிறேன்.

முதல் வழி பசுந்தாள். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை. 40, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், பயிர் நன்றாக வந்திருந்தால் 8 முதல் 10 டன் பசுந்தழை மண்ணுக்குள் போகும். சுமக்க ஆள் வேண்டாம், மாடும் வேண்டாம். பூத்துத் தண்டு நாரான பிறகு மடக்கினால் மட்க நாளாகும், அதை மட்டும் தவற விடாதீர்கள். 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதை மானியத்தில் கொடுக்கிறார்கள். உங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். வைக்கோலை விற்றே ஆக வேண்டும் என்றால் அடித்தாளையாவது கொளுத்தாமல் கோடையிலேயே உழுதுவிடுங்கள். நடவுக்கு முந்தின வாரம் மடக்கினால் அது மட்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இளம்பயிர் மஞ்சளிக்கும்.

யூரியாவைக் குறைக்க இலை வண்ண அட்டை போதும். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், சூரியனுக்கு முதுகு காட்டி, உங்கள் நிழல் அட்டை மேல் விழும்படி நில்லுங்கள். குத்தில் நன்றாக விரிந்த மேல் இலையை, பறிக்காமல், அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிடுங்கள். இப்படிப் பத்துக் குத்து. பார்க்க வேண்டிய பட்டை எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலை அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால்தான் அடுத்த தவணை. இல்லாவிட்டால் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். பக்கத்து வயல்காரர் போட்டுவிட்டார் என்பதற்காகப் போடுகிற மூட்டைதான் டெல்டாவில் அதிகம் வீணாகிறது.

மண் எடுக்கும்போது வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் மூன்றையும் விட்டுவிடுங்கள். மேலே கிடக்கும் செத்தையை ஒதுக்கி, 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவுங்கள். பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு எடுத்துவாருங்கள். உரம் போட்ட சூட்டோடு எடுத்த மண் உண்மையைச் சொல்லாது.

வேலைக்கு நாள் இதுதான்: சம்பா, தாளடி அறுத்த கையோடு மண் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். குறுவை போடுகிறவர்கள் சித்திரையில் விழும் முதல் கோடை மழைக்கே தக்கைப்பூண்டைத் தெளித்துவிட்டால், வழக்கப்படி ஜூன் 12ல் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும்போது மடக்குகிற பருவம் வந்துவிடும். சம்பா மட்டும் போடும் கடைமடைக்காரர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனியில் தெளித்து ஆவணிக்குள் மடக்கினால் போதும்.