2.6 கோடிப் பேரில் ஒரு மேரி

லண்டனில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் கணவர் வெள்ளைக்காரர். அவருடைய கொள்ளுப்பாட்டியின் அம்மா 1861 சென்சஸில் இருக்கிறார், 1881-லும் இருக்கிறார். நடுவே 1871-ல் மட்டும் ஆளே இல்லை. எல்லாம் கணினியில் ஏறிய பிறகும் ஒருவர் எப்படிக் காணாமல் போவார்?”

ஆள் பெரும்பாலும் எங்கும் போயிருக்க மாட்டார். பெயர்தான் போயிருக்கும்.

பிரிட்டனின் கணக்கெடுப்பு ஒரே ஓர் இரவைக் குறிவைத்து நடந்தது. 1871-ல் அது ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு ஒரு வீட்டில் யார் தூங்கினார்களோ அவர்கள் அந்த வீட்டுத் தாளில் வரவேண்டும். வீட்டுக்காரருக்கு எழுத வராவிட்டால் கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். பிறகு எல்லாத் தாள்களையும் பார்த்துப் பேரேட்டில் படியெடுத்தார். தாள்கள் அழிக்கப்பட்டன, பேரேடுதான் மிஞ்சியது. நாம் திரையில் தேடுவதோ அந்தப் பேரேட்டை வேறொருவர் படித்துத் தட்டச்சு செய்த பட்டியலை. லண்டன் கிழக்குப் பகுதிக்காரர்கள் சொல்லின் முதலில் வரும் ‘ஹ’வை விழுங்குவார்கள். ஹாரிஸ் ‘ஆரிஸ்’ ஆனார் என்றால் ஆங்கில அகரவரிசையில் ஏழு எழுத்து முன்னே தள்ளிப் போய் உட்கார்ந்துவிடுவார்.

இதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918-ல் காப்புரிமை வாங்கிய முறையில் இருந்து வளர்ந்த ‘சவுண்டெக்ஸ்’. பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொள், உயிரெழுத்துகளை எறி, மிச்ச மெய்களுக்கு ஒலிப்பிடம் பார்த்து எண் கொடு. உதட்டில் பிறப்பவைக்கு 1, ‘ட்’ வகைக்கு 3, மூக்கொலிகளுக்கு 5, இப்படி மூன்று எண் வரை. டேவிஸ் என்ற குடும்பப் பெயரை ‘இ’ சேர்த்து எழுதினாலும் சேர்க்காமல் எழுதினாலும் டி-120தான். தமிழ் எழுத்து இதில் பாதியை இயல்பாகவே செய்கிறது: ஆங்கிலத்தின் இரண்டு ‘பி’க்களுக்கும் நமக்கு ஒரே ‘ப’. உடனே ‘அன்றே சொன்னான் தமிழன்’ என்று பகிர வேண்டாம், தற்செயல்தான். சவுண்டெக்ஸின் பலவீனம் முதல் எழுத்தில் இருக்கிறது. ஹாரிஸ் எச்-620, ஆரிஸ் ஏ-620. நைட் என்பவர் ஒலிக்காத ‘கே’யோடு எழுதினால் கே-523, அது இல்லாமல் எழுதினால் என்-230. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது.

சரி, ஒலி ஒத்துப்போன நாற்பது பேர் வந்துவிட்டார்கள். அதில் நம் பாட்டி யார்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1881-ல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 2.6 கோடிப் பேர். ‘ஆம், இல்லை’ என்று மட்டும் பதில் வரும் கேள்வி ஒன்று கூட்டத்தைச் சரிபாதியாக்குகிறது என்று கொள்ளுங்கள். 2.6 கோடியைப் பாதியாக்கிக்கொண்டே போனால் 25-வது கேள்வியில் ஒரே ஆள் மிஞ்சுவார். நாடி ஜோதிடம் பார்க்கப் போனவர்களுக்கு இது தெரிந்த வித்தை. ‘தகப்பனார் பெயர் வல்லினத்தில் தொடங்குமா? சாமி பெயரா?’ ஒவ்வொரு ஆமாமுக்கும் இல்லைக்கும் பாதி ஓலை கழியும். கடைசியில் அப்பா பெயர் ‘வரும்’. தகவல் தந்தது முனிவர் அல்ல, காசு கொடுத்து எதிரே உட்கார்ந்தவரே. ஆவணத் தேடலில் பதில் சொல்ல ஆள் இல்லை, பேரேட்டின் பத்திகள்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பத்தியும் எத்தனை கேள்விக்குச் சமம் என்பதே கணக்கு.

பெண் என்பது 1 கேள்வி. எட்டுப் பெண்களில் ஒருத்திக்கு மேரி என்று பெயர் இருந்தால், மேரி 3. ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் குடும்பப் பெயர் 10, எழுபதில் ஒருவருக்கு இருந்த ஸ்மித் வெறும் 6. வயது முன்னே பின்னே இருக்கலாம் என்று மூன்று ஆண்டு இடம் விட்டால் 3. இனிதான் பொக்கிஷம். 1851 முதல் கணக்கெடுப்பில் பிறந்த பாரிஷ், அதாவது தேவாலயப் பங்கு, கேட்கப்பட்டது. 500 பேர் உள்ள கிராமம் என்றால் அந்த ஒரே பத்தி 16 கேள்விக்குச் சமம்! அபூர்வப் பெயர் கொண்ட கிராமத்து மேரிக்குக் கூட்டினால் 33. தேவை 25தான். லண்டனில் பிறந்த மேரி ஸ்மித்துக்கோ ‘லண்டன்’ என்ற பதில் 3-கூடப் பெறாது, அங்கே 38 லட்சம் பேர். மொத்தம் 16. மீதி 9 கேள்விக்குப் பதில் இல்லை, ஆகவே கையில் சுமார் 500 மேரிகள். பெயரும் ஊரும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. டேவிஸ் வேல்ஸில் குவிந்து கிடக்கும் பெயர், அங்கே அவரைத் தேடினால் அந்த அனுமானம் உடைந்துவிடும்.

பொருந்தாதபோது எவ்வளவு கழிப்பது என்பது இன்னும் அழகான கேள்வி. அந்தப் பத்தி, சரியான ஆளுக்கே எத்தனை முறை தவறாக எழுதப்படும் என்பதைப் பொறுத்தது அது. பாலினம் மாறினால் ஏறக்குறைய கதை முடிந்தது. வயது மூன்று மாறினால் பெரிய குற்றமில்லை. பத்தாண்டில் ஏழு வயதே ஏறிய பெண்களும் ஆண்களும் பேரேடுகளில் ஏராளம். 1841-ல் 15-க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லி உத்தரவே இருந்தது: 39 என்றால் 35.

இந்த எடைபோடும் முறையைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் ஹோவர்ட் நியூகோம்ப் என்ற கனடா மரபியலாளர், 1959-ல். கனடாவின் அணுசக்தி ஆய்வு மையத்தில் இருந்தவர். கதிர்வீச்சு தலைமுறைகளுக்கு என்ன செய்கிறது என்று அறிய, பிறப்பையும் திருமணத்தையும் பதிவேடுகளில் இணைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று வம்சாவளித் தளங்களின் ‘இவர் உங்கள் உறவினராக இருக்கலாம்’ என்ற குறிப்புக்கு அடியில் இருப்பது இந்தச் சிந்தனைதான். ‘உடனடிப் பயன் என்ன?’ என்று கேட்டு நிதியை வெட்டுகிற குழுக்களுக்கு இதை ஒருமுறை வாசித்துக் காட்டலாம்.

வாசகிக்கு என் யோசனை: குடும்பப் பெயரைத் தேடல் பெட்டியில் இருந்து எடுத்துவிடுங்கள். முதல் பெயர், வயது, பிறந்த பாரிஷ் மட்டும் போடுங்கள். 1871-ல் அவர் சிறுமி என்றால், விதவையான தாய் மறுமணம் செய்து பிள்ளைகள் மாற்றாந்தகப்பன் பெயரில் பதிவாகியிருக்கலாம், அல்லது வேறு வீட்டில் வேலைக்காரியாக இருந்திருக்கலாம். அபூர்வப் பெயருள்ள தம்பி இருந்தால் அவனைப் பிடியுங்கள், அக்கா பக்கத்து வரியில் இருப்பார்.

கணக்கெடுப்பைத் தாண்டிப் பழைய செய்தித்தாள்களில் தேடினால், அங்கே மணமான பெண்கள் கணவர் பெயருக்குள் ஒளிந்திருப்பார்கள். கணினி வேறு மங்கிய அச்சைத் தப்பாகப் படித்திருக்கும். தெருப் பெயர், கப்பல் பெயர் போட்டுத் தேடுவது மேல். பிரிட்டனில் இருந்து புறப்பட்டவர்களின் பட்டியல் 1890-க்குப் பின்தான் ஒழுங்காகக் கிடைக்கிறது, அதற்கு முந்தியவர்களை இறங்கிய துறைமுகத்தில் தேட வேண்டும். அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைச் சோதித்த நியூயார்க் எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது குடும்பக் கதை. பட்டியல் கப்பல் கிளம்பிய துறைமுகத்திலேயே எழுதப்பட்டது.

எதற்கும் பிடிகொடுக்காதவர்களும் உண்டு. 1888 நவம்பர் 9-ல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் கொல்லப்பட்ட மேரி ஜேன் கெல்லி ஓர் உதாரணம். லிமெரிக்கில் பிறந்தவர், அப்பா ஜான் கெல்லி, சிறுவயதில் வேல்ஸ் வந்தார், கணவர் டேவிஸ் சுரங்க வெடிப்பில் இறந்தார் என்றெல்லாம் உடன் வாழ்ந்தவர் மரண விசாரணையில் சொன்னார், பத்திரிகைகள் அச்சிட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேடியும் ஐயமற்ற ஒரு பிறப்புப் பதிவோ கணக்கெடுப்பு வரியோ கிடைக்கவில்லை. மேரி, கெல்லி, ஜான், டேவிஸ்: எல்லாமே எடை குறைந்த பெயர்கள். வயது சுமார் 25, ஆகப் பிறப்பு 1863 வாக்கில். அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் பதியத் தொடங்கியதோ 1864-ல். 1861 முதல் 1891 வரையிலான அயர்லாந்துக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்களை அரசே அழித்துவிட்டது. அவர் சொன்ன பெயர் நிஜப் பெயர்தானா என்பது தனிக் கேள்வி.

விக்டோரியாவின் ஆட்சியில் நம்மவர்களும் கணக்கெடுக்கப்பட்டார்கள். இந்தியா முழுவதும் ஒரே இரவில் நடந்த முதல் கணக்கெடுப்பு 1881 பிப்ரவரி 17. நமக்கு மிஞ்சியவை மொத்தக் கணக்கு அட்டவணைகள், வீட்டு வாரியான ஏடுகள் அல்ல. ஆனால் 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்ட 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பட்டியல் இருக்கிறது: எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடல் அடையாளம். கப்பலேறிய தம்பியைக் கண்டுபிடிக்கலாம், ஊரில் இருந்துவிட்ட அண்ணனைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பட்டியலில் முனுசாமியை வெள்ளைக்கார எழுத்தர்கள் மூன்சாமி, முனிசாமி, முனிஸ்வாமி என எப்படி எழுதியிருந்தாலும் சவுண்டெக்ஸில் எம்-525தான். வீராசாமியைத் தேடுபவர்கள் ‘வி’யில் இல்லாவிட்டால் ‘பி’யிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.